15 ஆண்டில் இரும்பு, 50 ஆண்டில் பாரம்பரியம்

பழைய ஆம்புலன்ஸ் ஒன்றின் படம் சமூக ஊடகத்தில் வெளியானால், அதன் கீழே ஒரே தன்மையுடைய பின்னூட்டங்கள் குவிகின்றன. வெள்ளை நிறம் மங்கிய மெட்டடார் வேன், பின்பக்கம் நீட்டிக் கட்டப்பட்ட அம்பாசிடர், கூரையில் ஒற்றை விளக்குச் சுழலும் மாருதி ஆம்னி என எதுவாயினும் எதிர்வினை மாறுவதில்லை. வண்டியின் கம்பீரத்தை ஒருவர் வியப்பார். சைரன் ஒலியை இன்னொருவர் நினைவுகூர்வார். எஞ்சினின் உழைப்பை மூன்றாமவர் மெச்சுவார். இந்த ரசனையில் குற்றமில்லை. ஆனால் ரசிக்கப்படும் பொருளை முற்றாக அழிக்கும் ஏற்பாடு இந்நாட்டில் விதியாகவே எழுதப்பட்டிருக்கிறது என்பதை ரசிகர்களும் அறியவில்லை. அறிந்து எதிர்க்க வேண்டிய ஆய்வுலகமும் வாய் திறக்கவில்லை.

அந்த ஏற்பாடு இரண்டு விதிகளின் சேர்க்கையால் ஆனது. முதலாவது, 2021 ஜூலையில் ஒன்றிய அரசு அறிவித்த பழம்பெரும் வாகனங்களுக்கான விதி. முதற்பதிவு நடந்து 50 ஆண்டுகளைக் கடந்து, மூல வடிவம் சிதையாமல் பேணப்பட்ட தனிப்பயன்பாட்டு இருசக்கர, நான்குசக்கர வாகனங்களுக்கு இவ்விதி தனி எண் வரிசையையும் 20,000 ரூபாய்க் கட்டணத்தில் புதுப்பதிவையும் வழங்குகிறது. இரண்டாவது, 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம். ஒன்றிய, மாநில அரசுகள், உள்ளாட்சிகள், பொதுத்துறை நிறுவனங்கள், அரசுசார் தன்னாட்சி அமைப்புகள் ஆகியவற்றின் வாகனங்கள் 15 ஆண்டுகளை நிறைவு செய்ததும் பதிவை இழக்கின்றன. அவற்றை அங்கீகாரம் பெற்ற உடைப்பு மையங்களின் வழியாகவே அப்புறப்படுத்த வேண்டும். நாட்டுப் பாதுகாப்பு, சட்டம் ஒழுங்கு, உள்நாட்டுப் பாதுகாப்பு ஆகியவற்றுக்கான சிறப்பு வாகனங்களுக்கு விலக்கு உண்டு. ஆம்புலன்ஸுக்கு இல்லை.

இரு விதிகளையும் அருகருகே வைத்துப் படித்தால் விளைவு தெளிவாகிறது. அரசர் மாளிகைக் கொட்டகையில் போர்வைக்குள் உறங்கிய ரோல்ஸ் ராய்ஸ் 50 ஆண்டுகளைக் கடந்து பாரம்பரியமாகலாம். அரசு மருத்துவமனை வாசலில் இரவு பகலாக ஓடிய ஆம்புலன்ஸ் 15ஆம் ஆண்டில் இரும்பாகியே தீர வேண்டும். இடையில் உள்ள 35 ஆண்டுகளைத் தாண்டும் வழி அரசு ஊர்திக்குத் திறக்கப்படவில்லை. பழமை என்னும் தகுதி, தனியார் சொத்துக்கு மட்டுமே கிட்டும் தகுதியாக ஆக்கப்பட்டுவிட்டது. டெல்லியில் ஸ்டேட்ஸ்மன் நாளிதழ் 1964இல் தொடங்கிய பழங்கார் அணிவகுப்பு முதலாக, இந்நாட்டின் வாகனப் பாரம்பரியம் பெரிதும் செல்வர்களின் கார்களைக் கொண்டே கற்பிக்கப்பட்டுவருகிறது. புதிய விதிகள் அந்தப் பழக்கத்துக்குச் சட்ட வடிவம் கொடுத்திருக்கின்றன.

ஓட்டை வண்டி ஒன்று காயலான் கடைக்குப் போவதில் என்ன இழப்பு என்று கேட்பவர்களுக்கு, ஆம்புலன்ஸ் எதற்குச் சாட்சி என்பதை முதலில் விளக்க வேண்டும். அச்சொல்லின் பிரெஞ்சு மூலம் நடமாடும் மருத்துவமனையைக் குறித்தது. 1790களில் பிரெஞ்சுப் படை மருத்துவர் லாரே, போர் ஓயும்வரை காத்திராமல் களத்துக்குள்ளேயே விரையும் குதிரை வண்டிகளை அமைத்தார். மருத்துவம் நோயாளியை நோக்கி நகர வேண்டும் என்பதே அந்த வண்டிகளின் கருத்து. இந்தியாவில் அச்சொல் வந்துசேர்ந்தது. கருத்து வெகுகாலம் வரவில்லை. 20ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் இங்கே ஆம்புலன்ஸ் என்பது படுத்த நிலையில் மனிதரைக் கொண்டுசெல்லும் வாகனம், அவ்வளவே. பல ஊர்களில் உயிருள்ளவரை ஏற்றிய அதே வண்டி பிணத்தையும் ஏற்றியது. அதில் ஏறவே முதியவர்கள் அஞ்சியதன் காரணம் மூடநம்பிக்கை என்று எழுதிவிடுவது எளிது. அனுபவம் என்று எழுதுவதே சரி.

இதற்கான சான்று கோப்புகளில் கிடைப்பது அரிது. வண்டியின் உள்ளே கிடைக்கும். மாருதி ஆம்னியை எடுத்துக்கொள்ளலாம். 1984இல் மாருதி வேன் என்ற பெயரில் வெளிவந்து 2019இல் உற்பத்தி நிறுத்தப்பட்ட இவ்வாகனத்தின் எஞ்சின் 796 சிசி. மொத்த நீளம் 3.4 மீட்டருக்கும் குறைவு. அந்த நீளத்துக்குள் ஓட்டுநர் இருக்கை, அதன் அடியில் எஞ்சின், பின்னால் ஸ்ட்ரெச்சர். வளர்ந்த மனிதர் ஒருவரைப் படுக்கவைத்த பிறகு அவருடைய தலைமாட்டில் ஆள் உட்கார இடமில்லை. மூச்சு தடைபட்டவருக்குச் செயற்கைச் சுவாசம் தரத் தலைமாட்டில்தான் ஒருவர் இருக்க வேண்டும். இதயம் நின்றவரின் மார்பை அழுத்துபவருக்கு மேலிருந்து எடையைச் செலுத்தும் உயரம் வேண்டும். ஆம்னிக்குள் நிமிர்ந்து நிற்கவே இயலாது. ஆகவே அதில் பயணம் செய்த நோயாளி வழியில் மோசமானால் உடன் வந்தவர் செய்யக்கூடியது, கையைப் பிடித்துக்கொண்டு ஓட்டுநரை விரட்டுவது மட்டுமே. சிகிச்சை என்பதே அந்த வடிவமைப்பில் எதிர்பார்க்கப்படவில்லை.

1969 முதல் பஜாஜ் டெம்போ நிறுவனம் தயாரித்த மெட்டடாருக்குள் ஏறிப் பார்த்தால் இதே கதையின் முந்தைய அத்தியாயம் புலப்படும். அதன் தளம் தாழ்வானது. ஸ்ட்ரெச்சரை அதிகம் உயர்த்தாமல் உள்ளே தள்ள முடிந்தது. நீளமும் உண்டு, உடன் வருவோர் அமரப் பலகையும் உண்டு. இடம் இருந்தது, அந்த இடத்தில் என்ன செய்வது என்று பயிற்சி பெற்ற ஆள் இல்லை. மெட்டடாரிலிருந்து ஆம்னிக்கு மாறியதை விலை மலிவு, எரிபொருள் சிக்கனம் என்ற கணக்கில் முன்னேற்றமாகக் காட்டலாம். நோயாளியின் தலைமாட்டிலிருந்து அளந்தால் அது பின்னேற்றம். இரண்டு வண்டிகளையும் அருகருகே நிறுத்தாமல் இந்த வாதத்தை மாணவர்களுக்கு மெய்ப்பிக்க முடியாது. இரண்டும் உருக்கப்பட்ட பிறகு வாதம் வெறும் சொல்லாகவே எஞ்சும்.

நினைவேக்கக்காரர்கள் இந்த இடத்தில் குறுக்கிடுவர். அக்காலத்தில் வசதி குறைவு, ஆனால் மனிதநேயம் மிகுதி என்பர். நீதிமன்ற ஆவணங்கள் அதை உறுதிசெய்யவில்லை. 1989இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பர்மானந்த் கட்டாரா வழக்கின் பின்னணி இது: விபத்தில் சிக்கிய ஸ்கூட்டர் ஓட்டுநரை அருகிலிருந்த மருத்துவமனை ஏற்க மறுத்தது, காவல்துறை சார்ந்த வழக்குகளைக் கவனிக்க அனுமதி பெற்ற இன்னொரு மருத்துவமனைக்குச் செல்லுமாறு கூறியது, அது ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில் இருந்தது, அவர் வழியிலேயே இறந்தார். உயிர் காப்பது ஒவ்வொரு மருத்துவரின் கடமை என்று அத்தீர்ப்பு அறிவித்தது.

1996இல் மேற்கு வங்க விவசாயத் தொழிலாளர் அமைப்பு தொடுத்த வழக்கின் தீர்ப்பு இன்னும் ஒரு படி முன்னே சென்றது. 1992இல் ரயிலிலிருந்து விழுந்து தலையில் பலத்த காயமுற்ற தொழிலாளி ஒருவர், ஆரம்ப சுகாதார நிலையம் தொடங்கிக் கல்கத்தாவின் அரசு மருத்துவமனைகள் வரை ஒன்றன்பின் ஒன்றாக அலைக்கழிக்கப்பட்டு, இறுதியில் தனியார் மருத்துவமனையில் சேர்ந்தார். ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து மாவட்ட மருத்துவமனைக்கும் அங்கிருந்து மாநில மருத்துவமனைக்கும் நோயாளியைக் கொண்டுசெல்ல ஆம்புலன்ஸ் வேண்டும், அதில் தேவையான கருவிகளும் மருத்துவப் பணியாளரும் இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் வழிகாட்டியது. வண்டி இருந்தால் போதாது, வண்டிக்குள் மருத்துவம் வேண்டும் என்று நாட்டின் உச்ச நீதிமன்றம் 1996இல் சொல்ல வேண்டியிருந்தது. அந்த வழிகாட்டுதலின் கனத்தை உணர, அக்காலத்து ஆம்புலன்ஸ் ஒன்றின் பின்கதவைத் திறந்து காட்டுவதைவிடச் சிறந்த விரிவுரை கிடையாது.

கிராமப்புறத்தின் கதை மேலும் சிக்கலானது. 1952இல் சமூக வளர்ச்சித் திட்டத்தோடு ஆரம்ப சுகாதார நிலையங்கள் உருவாகத் தொடங்கின. அவற்றில் பலவற்றுக்கு யுனிசெஃப் உதவியாக ஜீப்புகள் வந்தன. ஒரே ஜீப் தடுப்பூசிப் பெட்டியைச் சுமந்தது, அதிகாரியைச் சுமந்தது, அவசரத்துக்குப் பிரசவ வலி கண்ட பெண்ணையும் சுமந்தது. நெருக்கடி நிலைக் காலத்தில் குடும்பக் கட்டுப்பாட்டு முகாம்களுக்கு ஆள் திரட்டவும் அரசு ஜீப்புகளே சென்றன. 1976இல் வட இந்தியக் கிராமங்களில் ஜீப்பின் புழுதி தெரிந்ததும் ஆண்கள் வயல்களுக்குள் ஓடி ஒளிந்தனர். உயிர் காக்க வந்த வாகனமும் உடலைக் கைப்பற்ற வந்த வாகனமும் தோற்றத்தில் ஒன்றே. இந்த இரட்டை நினைவை விலக்கிவிட்டு, பச்சை ஜீப்பின் அழகை மட்டும் பாராட்டுவது வரலாற்றைத் துடைத்து மெருகேற்றும் வேலை.

பாராட்டு வேண்டாம் என்பதல்ல வாதம். பாராட்டு யாருக்குப் போய்ச் சேருகிறது என்பதே கேள்வி. இக்கேள்வி இந்திய ஆம்புலன்ஸ் வரலாற்றின் தொடக்கத்திலேயே எழுந்தது. 1899இல் தென்னாப்பிரிக்காவில் போயர் போரின்போது காந்தியின் முயற்சியால் அமைந்த இந்திய ஆம்புலன்ஸ் படையில் சுமார் 1,100 பேர் இருந்தனர். அவர்களில் பெரும்பாலோர் ஒப்பந்தக் கூலிகள். அக்கூலிகளில் தமிழகத்திலிருந்து கப்பலேறியவர்கள் கணிசமானவர்கள். அந்தப் படைக்கு மோட்டார் ஊர்தி கிடையாது. காயமுற்ற வீரர்களைத் தூக்குப் படுக்கையில் சுமந்து ஒரு நாளில் 20, 25 மைல்கள் நடக்க வேண்டியிருந்தது. போர்ப் பதக்கம் படையின் தலைவர்களாக விளங்கியோருக்குக் கிடைத்தது. காந்தி தம் பதக்கத்தை 1920இல் அரசிடமே திருப்பி அனுப்பினார்; அதுவும் வரலாற்று நூல்களில் இடம்பெற்றது. சுமந்த தோள்களின் பெயர்ப்பட்டியலை அவ்வளவு எளிதில் எவரும் ஒப்பிக்க மாட்டார்கள்.

ஒரு நூற்றாண்டுக்குப் பிறகும் நிலைமை பெரிதும் மாறிவிடவில்லை. 2005 ஆகஸ்ட் 15 அன்று ஹைதராபாத்தில் 108 சேவை தொடங்கியதை இந்தியப் பொதுச் சுகாதாரத்தின் திருப்புமுனை என்று கூறுவதில் மிகையில்லை. நாடு முழுவதும் பரவிய அச்சேவையால்தான் பயிற்சி பெற்ற மருத்துவ உதவியாளர் ஒருவர் வண்டிக்குள் இருப்பார் என்ற எதிர்பார்ப்பு சாமானிய மக்களுக்கு வந்தது. அந்த வண்டியின் பொம்மை வடிவங்கள் சந்தைக்கு வந்துவிட்டன. வண்டியை இயக்கும் ஓட்டுநர்களும் உதவியாளர்களுமோ பல மாநிலங்களில் தனியார் நிறுவனங்களின் ஒப்பந்தத் தொழிலாளர்கள். ஊதியத்துக்காகவும் வேலை நேரத்துக்காகவும் அவர்கள் மீண்டும் மீண்டும் போராட வேண்டியிருக்கிறது. வண்டியை நேசித்து ஓட்டியவரை மறப்பது நினைவேக்கம் பழைய வண்டிகளுக்கு மட்டும் இழைக்கும் அநீதி அன்று.

எதிர்த்தரப்பில் இன்னொரு குரலும் உண்டு. அதை எளிதில் புறந்தள்ள இயலாது. உயிருள்ள நோயாளிக்கே வண்டி போதாத நாட்டில், செத்த வண்டிக்கு அருங்காட்சியகம் ஓர் ஆடம்பரம் என்பது அக்குரல். இதற்கான விடையை ஆந்திரத்தின் பாடேரு மலைப்பகுதியில் தேடலாம். சாலை எட்டாத பழங்குடிக் குடியிருப்புகளிலிருந்து கர்ப்பிணிகளை மூங்கிலில் துணி கட்டிய டோலியில் சுமந்து மலையிறங்கும் செய்தி அங்கிருந்து இன்றும் வருகிறது. மேற்கு வங்கத்தின் ஜல்பாய்குரியில் தேயிலைத் தோட்டத் தொழிலாளி கரிமுல் ஹக், ஆம்புலன்ஸ் கிடைக்காமல் தம் தாய் இறந்ததால், மோட்டார் சைக்கிளையே ஆம்புலன்ஸாக்கி நோயாளிகளைச் சுமந்தார். 2017இல் அவருக்குப் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. விருதளித்த அரசு, அந்த மோட்டார் சைக்கிள் ஏன் தேவைப்பட்டது என்ற கேள்விக்கும் பதில் அளித்திருக்க வேண்டும். நகரவாசிக்குப் பழம்பொருளாகத் தோன்றும் டோலி, மலைவாசிக்கு நிகழ்காலம். எது பழையது என்பதை நாட்காட்டி மட்டும் தீர்மானிப்பதில்லை. சாலையும் வருவாயும் தீர்மானிக்கின்றன. டோலி, ஜீப், மெட்டடார், ஆம்னி, 108 என்ற வரிசையை ஒரே கூரையின் கீழ் நிறுத்தினால், இந்த வரிசையில் எந்தக் குடிமகன் எந்த இடத்தில் நிற்கிறான் என்பது எவருக்கும் புரியும். அதைக் காட்டும் காட்சிக்கூடம் ஆடம்பரமாகாது. அரசின் கணக்கைத் தணிக்கை செய்யும் இடமாகும்.

இத்தணிக்கை இன்றைய நோயாளிக்கும் பயன்படும். ஆம்புலன்ஸ் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு நான்கு வகைகளைப் பிரிக்கும் தேசியத் தரவிதி 2010களில்தான் உருவானது. முதலுதவி வாகனம், நோயாளி போக்குவரத்து ஊர்தி, அடிப்படை உயிர்காப்பு ஊர்தி, மேம்பட்ட உயிர்காப்பு ஊர்தி என்பன அவ்வகைகள். பெருந்தொற்றின்போது ஆம்புலன்ஸ் கட்டணங்கள் எல்லை மீறியதும், நியாயமான கட்டணத்தை மாநிலங்கள் நிர்ணயிக்க வேண்டும் என்று 2020 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்ல நேர்ந்தது. ஆக்சிஜன் சிலிண்டர் ஒன்றை மூலையில் சாய்த்துவைத்து, மேம்பட்ட ஊர்திக்குரிய கட்டணத்தைக் கேட்கும் வண்டிகள் இன்றும் மருத்துவமனை வாசல்களில் நிற்கின்றன. பெயர்ப்பலகைக்கும் உள்ளடக்கத்துக்கும் இடையிலான இந்த இடைவெளிக்கு நீண்ட வரலாறு உண்டு. பழைய வண்டிகள் அதற்கான அளவுகோல். அளவுகோலை உருக்கிவிட்டால் இடைவெளியை அளப்பது யார்?

குற்றப்பத்திரிகையில் ஆய்வுலகமும் இடம்பெற வேண்டும். இந்திய மருத்துவ வரலாறு கொள்ளைநோய், காலரா, தடுப்பூசி, மனநலக் காப்பகம், மருத்துவக் கல்லூரி ஆகியவற்றைப் பற்றி வளமாக எழுதியிருக்கிறது. வீட்டு வாசலுக்கும் மருத்துவமனை வாசலுக்கும் இடைப்பட்ட தொலைவைப் பற்றி எழுதியது மிகச் சொற்பம். பொதுச் சுகாதாரத் துறையோ அத்தொலைவின் முக்கியத்துவத்தை எப்போதோ உணர்ந்துவிட்டது. தாய்மார் மரணத்தை விளக்கத் தடியஸ், மெய்ன் இருவரும் 1994இல் முன்வைத்த மூன்று தாமதங்கள் என்ற சட்டகத்தில், மருத்துவமனையைச் சென்றடைவதில் நேரும் தாமதம் இரண்டாவது. அச்சட்டகத்தை மேற்கோள் காட்டாத பேறுகால ஆய்வேடு அரிது. அந்த இரண்டாவது தாமதம் எந்த வண்டியில், யார் ஓட்ட, எந்தச் சாலையில் நிகழ்ந்தது என்று விசாரிக்கும் ஆய்வேடு அதனினும் அரிது.

செய்ய வேண்டியவை பெரும் செலவு கோருபவை அல்ல. ஒவ்வொரு மாநிலச் சுகாதாரத் துறையும் பயன்படுத்திய ஒவ்வொரு மாதிரியிலும் ஒரு வண்டியை உடைப்பிலிருந்து விலக்க விதித்திருத்தம் வேண்டும். சாலையில் ஓடாதவாறு எஞ்சினைச் செயலிழக்கச் செய்துவிட்டு, உட்புறத்தை மாற்றாமல் மருத்துவக் கல்லூரி அருங்காட்சியகங்களிடம் ஒப்படைக்கலாம். அதைவிட அவசரமானது வண்டிப் பதிவேடு. எந்த நாளில், எந்த ஊருக்கு, எத்தனை கிலோமீட்டர், என்ன காரணத்துக்கு என்று ஓட்டுநர் கைப்பட எழுதிய அந்த ஏடுகள், வண்டி போனதும் பழைய தாளாக எடைக்குப் போகின்றன. ஒரு மாவட்டத்தின் இருபது ஆண்டுப் பதிவேடுகள் கிடைத்தால், அம்மாவட்டத்தில் மருத்துவம் யாரை எட்டியது, யாரை எட்டவில்லை என்பதை வரைபடமாகவே வரைந்துவிடலாம். மூன்றாவது, வாய்மொழி வரலாறு. மெட்டடார் ஓட்டியவர்கள் ஓய்வு பெற்று நெடுங்காலமாகிறது. ஸ்ட்ரெச்சரின் ஒரு முனையைத் தாமே தூக்கியவர்கள், எந்தப் பள்ளத்தில் வேகம் குறைத்தால் முதுகெலும்பு முறிந்தவர் அலறமாட்டார் என்று அறிந்தவர்கள் அவர்கள். அந்த அறிவு எந்தப் பாடநூலிலும் ஏறவில்லை. அவர்களைத் தேடிச் செல்ல ஓர் ஒலிப்பதிவுக் கருவியும் பேருந்துக் கட்டணமும் போதும்.

பழைய வண்டிகளைச் சேகரிப்போருக்கும் ஒரு வேண்டுகோள் பொருந்தும். ஆம்புலன்ஸ் கிடைத்தால் அதற்குப் புதுச்சாயம் பூச வேண்டாம். ஸ்ட்ரெச்சர் உரசித் தேய்ந்த தளமும், குளுக்கோஸ் பாட்டில் தொங்கவிட யாரோ வளைத்துக் கட்டிய கம்பியும், பின்கதவின் உட்புறத்தில் கைகள் பற்றிப் பற்றி மழுங்கிய பிடியும் அந்த வண்டியின் உண்மையான ஆவணங்கள். பளபளப்பாக்கினால் அணிவகுப்பில் பரிசு கிடைக்கக்கூடும், வண்டி ஊமையாகிவிடும்.

108 சேவை தொடங்கிய 2005இல் பதிவான ஓர் அரசு ஆம்புலன்ஸ், பழம்பெரும் வாகனம் என்ற தகுதியைப் பெற 2055 வரை காத்திருக்க வேண்டும். அதன் ஆயுள் 2020இலேயே முடிந்துவிட்டதாக விதி சொல்கிறது. அந்த ஆண்டின் வண்டிகளில் ஏதேனும் ஒன்று ஏதோ ஒரு மருத்துவமனையின் பின்புறத்தில், செடி முளைத்த சக்கரங்களோடு, ஏலத்துக்கோ உடைப்புக்கோ காத்து இன்னும் நிற்கக்கூடும். அது எங்கே நிற்கிறது என்று கண்டறிந்து, அதன் பதிவேட்டைக் கேட்டு ஒரு விண்ணப்பம் எழுதுவது, எந்தப் பல்கலைக்கழகத்தின் எந்த மாணவரும் நாளைக் காலையே தொடங்கக்கூடிய வேலை.